கீமோ நடக்கும்போது காய்ச்சல் அடித்தால் விடியும் மட்டும் பார்க்கலாமா?

கேள்வி: டொக்டர், நாங்கள் காரைநகர். அம்மாவுக்கு 61 வயது. சூலகப் புற்றுநோய் என்று சத்திரசிகிச்சை செய்து, இப்போது மூன்று கிழமைக்கு ஒரு தடவை கீமோ ஏற்றுகிறார்கள். இரண்டாவது தடவை ஏற்றிய பத்தாம் நாள் இரவு உடம்பு காய்ந்தது, பார்த்தால் 101. இரண்டு பனடோல் கொடுத்தோம், குறைந்தது. விடியக் கொண்டுபோகலாம் என்று படுத்துவிட்டோம். விடியப்புறம் பல்லுக் கிட்டும் அளவுக்கு நடுங்கினார். வைத்தியசாலையில் வெண்குழியம் 1.1 என்று சொல்லி ஆறு நாள் வைத்திருந்து மருந்து ஏற்றினார்கள். அடுத்த கீமோவை ஒரு கிழமை தள்ளிவிட்டார்கள். இது எங்கள் பிழையா? தள்ளினால் வருத்தம் பெருகுமா? என்ன சாப்பாடு கொடுத்தால் வெண்குழியம் கூடும்? வருத்தம் இரத்தத்துக்குள் இறங்கிவிட்டது என்று மாமி சொல்கிறார். கனடாவில் இருக்கும் அக்கா ஏதோ ஊசி இருக்கிறது, அதைப் போடச் சொல்லு என்கிறார். அம்மாவோ இனி கீமோவே வேண்டாம் என்கிறார்.

பதில்:

தங்கச்சி, முதலில் உங்களை அரிக்கிற கேள்விக்கு வருகிறேன். காய்ச்சல் வந்தது உங்கள் பிழையில்லை. வீட்டைத் துப்புரவாக வைத்திருக்காததாலோ, பார்க்க வந்த சனத்தாலோ, நீங்கள் கொடுத்த ஏதோவொரு சாப்பாட்டாலோ வந்தது என்று யாரும் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் பனடோல் கொடுத்துவிட்டு விடியும் வரை வைத்திருந்தது ஆபத்தான காரியம். அதைப் பூசி மெழுகிச் சொன்னால் அடுத்த தடவையும் அதுதான் நடக்கும். காய்ச்சல் என்றால் பனடோல் போட்டு இரண்டு நாள் பார், மூன்றாம் நாள் இரத்தம் சோதி என்பதுதானே எங்கள் ஊரில் எல்லோருக்கும் பழக்கம், டெங்கு வந்தபிறகு அது இன்னும் ஊறிவிட்டது. மற்ற ஆட்களுக்கு அது சரி. கீமோ ஏற்றுகிற ஆளுக்கு அந்தக் கணக்கு ஒரு நாளும் பொருந்தாது.

ஏன் என்று விளங்கினால் இரவு பன்னிரண்டு மணிக்கும் தயங்காமல் வெளிக்கிடுவீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கீமோ மருந்து வேகமாகப் பெருகுகிற கலங்களைத் தாக்கும். புற்றுநோய்க் கலம் அப்படிப்பட்டது, எலும்பு மச்சையில் இரத்தம் உண்டாக்குகிற கலங்களும் அப்படிப்பட்டவை. சூலகப் புற்றுநோய்க்கு வழக்கமாக ஏற்றுவது கார்போபிளாட்டினும் பக்லிடக்செலும், அம்மாவுக்கும் பெரும்பாலும் அவைதான். இரண்டும் மச்சையைக் கொஞ்ச நாள் படுக்க வைத்துவிடும். செங்குழியம் ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும், ஆகவே அது மெதுவாகத்தான் குறையும். கிருமியோடு முதலில் சண்டைக்குப் போகிற வெண்குழியம் நியூட்ரோபில், அது இரத்தத்தில் இருப்பது ஒரு நாள் கூட இல்லை. மச்சை புதிதாக அனுப்பாவிட்டால் இருப்பு சட்டென்று தீர்ந்துவிடும். மருந்தேற்றி ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் மட்டும் அது ஆகக் கீழே இருக்கும், பிறகு ஏறி மூன்றாவது கிழமை முடியப் பழைய இடத்துக்கு வரப் பார்க்கும். உங்கள் அம்மாவுக்கு வந்த பத்தாம் நாள் காய்ச்சல் அந்தக் கணக்குக்குள் அப்படியே பொருந்துகிறது.

அதே நாட்களில் வாயிலிருந்து குடல் வரைக்கும் உள்தோலும் மெலிந்து புண்ணாகும். குடலில் எல்லோருக்கும் கிருமி இருக்கிறது, அங்கே இருக்கிறவரை அதனால் கரைச்சல் இல்லை. உள்தோல் மெலிந்த நேரத்தில் அது இரத்தத்துக்குள் புகுந்துவிடும். புகுந்ததைப் பிடிக்க நியூட்ரோபில் இல்லாவிட்டால் சில மணித்தியாலத்தில் இரத்த அழுத்தம் விழுந்து ஆள் சோர்ந்துபோகும். இந்தக் காய்ச்சல்களில் நிறைய நோயாளியின் சொந்தக் குடலிலும் தோலிலும் இருக்கிற கிருமியால் வருபவை என்பதால்தான் சனத்தைக் குற்றம் சொல்லாதீர்கள் என்றேன்.

இன்னொன்று, இதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. சாதாரண ஆளுக்குத் தொற்று வந்தால் அந்த இடம் சிவக்கும், வீங்கும், சீழ் பிடிக்கும், சளி கட்டும். சீழே வெண்குழியத்தால் ஆனதுதான். வெண்குழியம் இல்லாத ஆளுக்குச் சீழும் வராது, எக்ஸ்ரேயும் தெளிவாக இருக்கலாம், சலத்தில் சீழ்க்கலம் இல்லை என்று றிப்போட்டும் வரலாம். காய்ச்சல் மட்டும்தான் சத்தம் போடும். பனடோல் கொடுத்தால் அந்தச் சத்தத்தையும் அடக்கிவிடுகிறோம், கிருமி உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அன்றிரவு அம்மாவுக்கு நடந்தது இதுதான், உடம்பு குளிர்ந்தது, தொற்றுக் குறையவில்லை.

சரி, எந்தக் கட்டத்தில் வெளிக்கிடுவது? ஒரு தடவை பார்த்தே 38.3, அதாவது பரனைட்டில் 101 இருந்தால் உடனே. 38, அதாவது 100.4 இருந்து ஒரு மணித்தியாலம் அப்படியே நின்றால் காய்ச்சல் என்று எடுப்பது மருத்துவ வழக்கம், ஆனால் காரைநகரிலிருந்து வருகிற உங்களுக்கு நான் அந்த ஒரு மணித்தியாலத்தைத் தரமாட்டேன். 38 கண்டவுடன் வெளிக்கிடுங்கள், போகிற வழியிலேயே அந்த மணித்தியாலம் போய்விடும். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது காணாது. ஒரு டிஜிட்டல் தேர்மோமீட்டர் வாங்கி நாக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். தேத்தண்ணி குடித்த கையோடு பார்க்காமல் கால் மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். கக்கத்தில் வைத்தால் அரைப் பாகை அளவு குறைத்துத்தான் காட்டும். மலவாசலில் ஒரு நாளும் வைக்கக் கூடாது. அதேபோல மலவாசலால் வைக்கிற குளிசையும் எனிமாவும் இந்த நாட்களில் கூடாது, சின்னக் கீறலே கிருமிக்குக் காணும். சந்தியில் இருக்கிற பார்மசியில் காய்ச்சலுக்கென்று டைக்குளோபெனாக் வைக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். பிளேட்லெட்டும் குறைந்திருக்கக்கூடிய ஆளுக்கு அதனால் இரத்தம் கசியும் பயமும் இருக்கிறது.

காய்ச்சலே இல்லாமலும் தொற்று வரும். வயதானவர்களுக்கும் ஸ்டெரொய்ட் எடுப்பவர்களுக்கும் சூடு ஏறாமலே தொற்று முற்றும். பக்லிடக்செல் ஏற்றுகிற நேரம் ஒவ்வாமை வராமல் இருக்கக் கொடுக்கிற டெக்சாமெதசோனும் ஸ்டெரொய்ட்தான் என்பதை நினைவில் வைத்திருங்கள். நடுக்கம் வந்தால், கதைக்கிறது தடுமாறினால், வழக்கத்தை விட நித்திரை தூங்கினால், எழும்பத் தலை சுற்றினால், மூச்சு வாங்கினால், சலம் போகிறது நன்றாகக் குறைந்தால், தேர்மோமீட்டர் 37 காட்டினாலும் கொண்டுபோங்கள். உள்காய்ச்சலாக இருக்கிறது என்று அம்மா சொன்னால் தட்டிக் கழிக்காமல் அளந்து பாருங்கள். மல்லிக் குடிநீர் வைத்துக் கொடுப்பது பிழையில்லை, அதைக் குடித்து வேர்க்கிறதா என்று காத்திருப்பதுதான் பிழை.

போகிற இடம்: அம்மாவின் கீமோ நடக்கிற வைத்தியசாலை கிட்ட இருந்தால் அது. தூரம் என்றால் அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள பக்கத்து அரச வைத்தியசாலை, அங்கே முதல் ஊசியைப் போட்டுவிட்டுப் பிறகு மாற்றுவார்கள். யாழ் போதனா வைத்தியசாலை இரவும் பகலும் திறந்திருக்கிறது. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், ஓட்டோ தேடி ஒழுங்கை ஒழுங்கையாக அலையாதீர்கள். பின்னேரம் தனியார் கிளினிக்கில் காட்டி வாயால் போடுகிற அன்டிபயோட்டிக் வாங்கி வருகிற வழக்கத்தை இந்த நாட்களில் விட்டுவிடுங்கள். வாயால் குளிசை கொடுத்துப் பார்க்கக்கூடிய நோயாளிகளும் இருக்கிறார்கள்தான், ஆனால் யாருக்குக் கொடுக்கலாம் என்று புற்றுநோய் டொக்டர் இரத்தம் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

வாசலில் என்ன சொல்கிறீர்கள் என்பதில் நிறைய இருக்கிறது. "அம்மாவுக்குக் காய்ச்சல்" என்று சொன்னால் வரிசையில் இருத்துவார்கள், மாரி காலத்தில் அந்த வாங்கு முழுக்கக் காய்ச்சல்காரர்தான். "அம்மாவுக்குக் கீமோ நடக்குது, கடைசியா ஏத்திப் பத்து நாள், இப்ப காய்ச்சல் 101, இன்னும் பனடோல் குடுக்கேல்ல" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் டயக்னோசிஸ் காட்டையும் கையில் நீட்டுங்கள். கீமோ நோயாளிக்குக் காய்ச்சல் என்றால் ஆள் வைத்தியசாலைக்கு வந்த ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் அன்டிபயோட்டிக் நாளத்தில் ஏற வேண்டும், இதுதான் உலகம் முழுக்க வைத்திருக்கிற இலக்கு. இரத்த றிப்போட் வரும் மட்டும் பார்த்திருக்கத் தேவையில்லை. கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்க, இரத்தம் எடுத்துவிட்டு உடனே தொடங்கலாம், பிப்பரசிலின் டசோபக்டம் மாதிரிப் பரந்த அளவில் கிருமியைக் கொல்கிற மருந்தாகத்தான் போடுவார்கள். அரை மணித்தியாலம் இருந்தும் யாரும் வரவில்லை என்றால் தாதியிடம் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். கரைச்சல் கொடுக்கிறோமோ என்று கூச்சப்பட வேண்டாம், அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் அந்தத் தகவல் தேவை.

டெங்குவைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் ஐப்பசி தொடங்கித் தை மட்டும் டெங்கு கூடுகிற காலம், டெங்குவிலும் வெண்குழியமும் பிளேட்லெட்டும் விழும். றிப்போட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். டெங்குவாக இருக்கும் என்று வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் பயங்கரம். உள்ளே போய் அன்டிபயோட்டிக் தொடங்கிவிட்டு டெங்குவையும் சோதிக்கட்டும், இரண்டுக்கும் அங்கே இடம் இருக்கிறது.

பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒரு கரைச்சலையும் எழுதத்தான் வேண்டும். வெட்கம். சலம் எரிகிறது, கீழே மணத்தோடு வெள்ளை போகிறது, மலவாசலுக்குப் பக்கத்தில் நோகிறது, சத்திரசிகிச்சைத் தழும்பிலிருந்து தண்ணி மாதிரிக் கசிகிறது என்பதையெல்லாம் எங்கள் அம்மாமார் ஆண் டொக்டரிடம் சொல்லவே மாட்டார்கள், சில பேர் மகளிடமும் சொல்லமாட்டார்கள். காய்ச்சலின் வேர் பல தடவை அங்கேதான் இருக்கும். கருப்பை, சூலகம் எல்லாம் எடுத்த வயிற்றுக்குள் சீழ் தங்கியிருக்கலாம், சலக் குழாய் வைத்திருந்த இடத்தால் கிருமி ஏறியிருக்கலாம். நீங்கள் அம்மாவைக் குளிக்க வார்க்கிற நேரம், யாரும் பக்கத்தில் இல்லாதபோது மெதுவாகக் கேளுங்கள். வாட்டில் அவர் சொல்லக் கூசினால் பெண் தாதி ஒருவரைக் கூப்பிட்டு நீங்கள் சொல்லிவிடுங்கள்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சையோடு கிழமைக்கு ஒரு தடவை சிஸ்பிளாட்டின் ஏற்றுகிறவர்களும் இதை வாசிப்பீர்கள். வளர்ந்த ஆளுக்கு இரத்தம் உண்டாக்குகிற மச்சையில் பெரிய பங்கு இடுப்பெலும்பில்தான் இருக்கிறது, கதிர் படுவதும் அங்கேதான். உங்களுக்கு ஏழாம் நாள், பத்தாம் நாள் என்ற கணக்குத் தெளிவாக இராது, சிகிச்சை நடக்கிற கிழமைகள் முழுக்க அவதானம் வேண்டும்.

இனி அந்த 1.1. றிப்போட்டில் அது ஆயிரத்தால் பெருக்க வேண்டிய எண், ஆகவே 1100. சாதாரணமாக 4000க்கும் 11000க்கும் இடையில் இருக்க வேண்டியது. ஆனால் டொக்டர் பார்ப்பது அதற்குக் கீழே இருக்கிற நியூட்ரோபில் வீதத்தை. அது 22 வீதம் என்று வைத்துக்கொள்வோம், 1100இல் 22 வீதம் 242. 500க்குக் கீழே போனால் கடுமையான குறைவு, காய்ச்சலோடு சேர்ந்தால் உள்ளே வைத்துத்தான் பார்க்க வேண்டும். அம்மாவின் றிப்போட்டை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், அடுத்த தடவை டொக்டர் சொல்வது உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். மாமிக்கும் இதைக் காட்டுங்கள். வருத்தம் இரத்தத்துக்குள் இறங்கியதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை, மருந்து மச்சையைத் தொட்டதால் குறைந்தது, மச்சை எழும்பியதும் கூடும். அவர் வயதில் மூத்தவர், அக்கறையில் சொல்கிறார், ஆனால் அதை அம்மாவின் காதில் போட வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டால் நியூட்ரோபில் ஏறாது. ஆட்டு ஈரல், மாதுளம்பழம், பீற்றூட், பப்பாளி இலைச் சாறு எதுவும் அந்த எண்ணைத் தூக்கிவிடாது. இரத்தம் ஏற்றினாலும் ஏறுவது செங்குழியம்தான். பப்பாளி இலையைப் பச்சையாக இடித்துப் பிழிந்து கொடுப்பதை நிறுத்துங்கள், இலையில் ஒட்டியிருக்கிற மண்ணும் கிருமியும் அம்மாவின் வயிற்றுக்குள் போகும். பசி இருக்கிறபோது முட்டை நன்றாக அவித்து, மீன், பருப்பு, புரதம் கூடியதாக எதை விரும்புகிறாரோ அதைக் கொடுங்கள். ஒடியல் கூழ் கேட்டால் கொடுக்கலாம், கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சியதுதானே, மீனும் நண்டும் வெந்திருந்தால் சரி. பழஞ்சோறு, ரோட்டோரத்தில் வெட்டி வைத்த பழம், பச்சைச் சம்பலோடு கடைச் சாப்பாடு, மூடாமல் வைத்த தயிர் இவற்றை இந்த நாட்களில் விலக்குங்கள். மாம்பழம் முழுசாகக் கழுவி வீட்டில் தோல் சீவினால் ஒன்றுமில்லை. பழமே கொடுக்காதே, மரக்கறியே கொடுக்காதே என்று ஒரு காலம் சொன்னோம், அப்படிப் பட்டினி போட்டதால் தொற்றுக் குறையவில்லை என்று பிறகு தெரிந்துவிட்டது. கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள், நெருப்புக்காய்ச்சல் எங்கள் பக்கத்துக்குப் புதிது இல்லை.

தள்ளிப்போன ஒரு கிழமையால் வருத்தம் தலை தூக்கிவிடும் என்று பயப்பட வேண்டாம். நியூட்ரோபில் 1000, 1500 அளவுக்கும் பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குப் பக்கத்திலும் வந்தபிறகுதான் பெரும்பாலும் அடுத்ததை ஏற்றுவார்கள். விழுந்த எண்ணோடு ஏற்றினால் அடுத்த காய்ச்சலில் இழுபடுகிற நாட்கள் அந்தக் கிழமையை விடக் கூட. ஆனால் ஒவ்வொரு தடவையும் தள்ளித் தள்ளிப் போவதும் நல்லதில்லை, அங்கேதான் உங்கள் அக்கா சொல்கிற ஊசி வருகிறது. அக்கா சொல்வது சரி. பில்கிராஸ்டிம் என்று பெயர், மச்சையைத் தட்டி நியூட்ரோபிலைக் கெதியாக உண்டாக்கும். கீமோ முடிந்து ஒரு நாளாவது கழித்துத் தோலின் கீழ் தொடங்கிச் சில நாளுக்குத் தொடர்ந்து போடுவார்கள், கீமோ அன்றே போடக்கூடாது. நீண்ட நேரம் நிற்கிற வகையில் ஒரே ஊசியும் உண்டு. கார்போபிளாட்டினும் பக்லிடக்செலும் ஏற்றுகிற எல்லோருக்கும் இப்படிக் காய்ச்சல் வருவதில்லை, அதனால் முதலிலேயே எல்லோருக்கும் போடுவதில்லை. ஒரு தடவை வந்துவிட்ட உங்கள் அம்மா மாதிரி ஆளுக்கு, அடுத்த தடவை ஊசி போடுவதா, மருந்தின் அளவைக் குறைப்பதா என்று டொக்டர் கட்டாயம் யோசிப்பார், நீங்களும் நேரே கேட்கலாம். ஊசி போட்டால் இடுப்பும் நாரியும் உளையும், மச்சை வேலை செய்கிற உளைவு அது. அதற்குப் பனடோல் போடலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் போடமுன் சூடு பார்த்துவிட்டுத்தான். ஊசியை வெளிநாட்டிலிருந்து யாரிடமாவது கொடுத்துவிட வேண்டாம், குளிரில் வைத்திருக்க வேண்டிய மருந்து, பயணப் பையில் வந்தால் ஊசி இருக்கும், பலன் இருக்குமோ தெரியாது.

தீவுப்பகுதியில் இருக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காரைநகருக்குத் தாம்போதி இருக்கிறது, இரவிலும் வரலாம். நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவில் இருந்து கீமோவுக்கு வருகிறவர்கள் ஏழாம் நாளுக்கு முன்னமே குடாநாட்டில் யாராவது சொந்தக்காரர் வீட்டில் வந்து தங்கிப் பதினாலாம் நாள் தாண்டியபிறகு திரும்பிப் போங்கள். இரவில் காய்ச்சல் அடித்து, விடியப் படகு வரும் வரை குறிகட்டுவான் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிற நிலைமை வரக்கூடாது. உறவுக்காரருக்குப் பாரமாக இருக்கும் என்று தயங்காதீர்கள், அவர்களுக்கும் விளங்கும்படி சொல்லுங்கள்.

வீட்டில் சனத்தை அடியோடு மறிக்கத் தேவையில்லை. தடிமன், இருமல், வயிற்றோட்டம் உள்ளவர்களும், கொப்பளிப்பான் வந்த வீட்டுப் பிள்ளைகளும் வராமல் இருந்தால் காணும். வருகிறவர்கள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். நல்லூர்த் திருவிழா நேரம் கீமோ விழுந்தால் அந்த ஏழிலிருந்து பதினாலு நாளுக்குள் கூட்டத்துக்குள்ளும் வெறுங்காலோடு சுடுமணலிலும் கூட்டிப்போக வேண்டாம், மூன்றாவது கிழமையில் இரத்தம் பார்த்துவிட்டுச் சனம் குறைந்த நேரத்தில் போய்க் கும்பிடலாம். வாய்க்குச் சாப்பிட்டபின் உப்புத் தண்ணியால் கொப்பளிப்பும் மென்மையான பிறஷும்.

கடைசியாக, அம்மா வேண்டாம் என்பது. ஆறு நாள் வாட்டில் நடுங்கிக் கிடந்த ஆளுக்கு அது வரத்தான் செய்யும், அவரை அதட்ட வேண்டாம், "உங்களுக்கு என்னம்மா தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். அவர் பயப்படுவது கீமோவுக்கா, அந்த விடியப்புற நடுக்கத்துக்கா என்று கேளுங்கள். நடுக்கத்துக்கென்றால் அதைத் தடுக்க ஊசி இருக்கிறது, அளவைக் குறைக்கலாம், இந்தத் தடவை இரவே வெளிக்கிடுவோம் என்று சொல்ல உங்களிடம் மறுமொழி இருக்கிறது. அடுத்த கிளினிக்குக்கு அவரையும் உள்ளே கூட்டிப்போய், இன்னும் எத்தனை தடவை மீதி, விட்டால் என்ன, குறைத்து ஏற்றினால் என்ன என்று டொக்டரிடம் அவர் காதுபடக் கேளுங்கள், மறுமொழியை அவரிடமே சொல்லச் சொல்லுங்கள். அடுத்த கீமோ ஏற்றுகிற அன்று கலண்டரில் ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் மட்டும் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, பக்கத்தில் 1990ஐயும் வாட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிவிடுங்கள். அந்த நாட்களில் பனடோல் பெட்டியைத் தேர்மோமீட்டரோடு சேர்த்து ஒரே பையில் வையுங்கள், சூடு பார்க்காமல் யாரும் குளிசையை எடுக்க முடியாதபடி.